வாசித்துப் போட்ட கையெழுத்து

நான் பயந்தாங்கொள்ளி. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு யாரும் ஏமாற வேண்டாம். வருடக்கணக்காகச் சட்டக் கல்லூரியில் அரசியலமைப்புச் சட்டம் நடத்துகிறேன். காலையில் கோவில்பட்டியில் ரயில் ஏறினால், மணியாச்சி தாண்டி இறங்கும்வரை பாடத்தை நினைத்ததைவிட, யார் எதற்குக் கோபித்துக்கொள்வார்களோ என்று நினைத்ததுதான் அதிகம். வகுப்பில் மட்டும் குரல் கணீரென்று வரும். அங்கே திருப்பிக் கேட்க ஆள் இல்லையே!

சொந்த ஊர் விளாத்திகுளம் பக்கம். அம்மா அங்கே தனியாக இருக்கிறாள். எங்களோடு வா என்றால், "அந்தப் புறாக்கூண்டுல எனக்கு மூச்சு முட்டும்டே" என்பாள். அதனால் ஞாயிறுதோறும் பஸ் பிடித்துப் போய் வருவேன். ஆவணியில் ஒரு ஞாயிறு, ஊர்த் தலைவராக இருக்கும் என் பெரியப்பா மகன் வீட்டுக்கு வந்து ஒரு முழுத்தாளை நீட்டினார்.

"ஏலே, இதுல நீயும் ஒரு கையெழுத்துப் போடு. சட்ட வாத்தியாரே போட்டுட்டான்னா ஒரு பய வாயத் தொறக்க மாட்டான்."

வாசித்தேன். எங்கள் ஊரில் ஒருவருடைய புன்செய்க் காட்டுக்குப் போகும் வண்டிப்பாதையைப் பக்கத்துக் காட்டுக்காரர் உழுது அடைத்துவிட்டார். பாதையை இழந்தவர் ஊர்க்கூட்டத்தில் சொல்லாமல் நேராகக் கோர்ட்டுக்குப் போய்விட்டார். அது ஊருக்கு அவமானமாம். ஆகவே அந்த வீட்டுக்கு டிராக்டர் ஓட்டக் கூடாது, மில்லில் மாவு திரிக்கக் கூடாது, பேச்சுவார்த்தை கூடாது. மீறினால் அவர்களுக்கும் இதே கதி. கீழே பதினோரு கையெழுத்து.

கோர்ட்டுக்குப் போனதற்குத் தண்டனை! முதலாண்டுப் பிள்ளைகளிடம் காட்டினால் சிரிப்பார்கள்.

"அண்ணே, இது சட்டப்படி செல்லாதே" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"அதெல்லாம் ஒன் காலேஜ்ல வச்சுக்கோ. சித்தி இங்கன ஒத்தையில கெடக்கா. நாளப்பின்ன ஒண்ணுன்னா தூக்க நாலு பேரு வரணும்லா?"

உள்ளே அம்மா மிளகாய் ஆய்ந்துகொண்டிருந்தாள். போட்டுவிட்டேன். பேருக்குக் கீழே வேலையையும் எழுதச் சொன்னார். வெட்கங்கெட்டவன், அதையும் எழுதினேன்.

ஊர் ஒதுக்கிய அந்த வீட்டுப் பெண் எங்கள் கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். மறுவாரம் என் அறைக்கு வந்து செல்போனை மேசைமேல் வைத்தாள். அந்தத் தாளின் படம். யாரோ ஊர்க்காரர் எடுத்து அனுப்பியிருக்கிறார்.

"சார், இதுல ஒங்க பேரு இருக்கு."

வேலை போச்சு, பேப்பரில் பேர் வரப்போகுது என்றுதான் முதலில் தோன்றியது. அவள் வீடு அதற்கப்புறம்தான் ஞாபகத்துக்கு வந்தது.

"எங்க அம்மாட்ட சொல்லிட்டேன் சார். கோயில் வரிக்குன்னு நீட்டிருப்பாவ, சார் வாசிக்காம போட்டிருப்பாங்கன்னு."

தலையை ஆட்டினேன். எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளும்படியான ஆட்டல்.

அவள் சொல்லச் சொல்லக் கேட்டேன். கம்பு திரிக்க அவள் அப்பா வண்டியில் விளாத்திகுளம் வரை போய் வருகிறார். மழைக்கு முன்னால் உழுது விதைக்காவிட்டால் இந்த வருடம் முழுக்கக் காடு தரிசுதான். டிராக்டர்காரர் போனையே எடுப்பதில்லை. ஆர்.டி.ஓ.விடம் மனு கொடுத்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட எல்லோருக்கும் விசாரணைக்கு அழைப்பு வரும், எனக்கும்.

வந்தது. கூடவே அண்ணனின் போனும் வந்தது.

"வெறுந்தாள்ல கோயில் வரிக்குப் போட்டோம், மேல எவனோ பொறவு எழுதிட்டான். எல்லாரும் இதத்தான் சொல்லுதோம். நீயும் அதையே சொல்லிட்டுப் போ."

அடித்தவரும் அடிபட்டவளும் எனக்கு ஒரே பொய்யை நீட்டினார்கள். அதைச் சொன்னால் நான் தப்பிப்பேன். அப்படியொரு கட்டுப்பாடே ஊரில் இல்லை என்றாகி மனு தள்ளுபடியாகும். அவர்கள் காடு தரிசாகக் கிடக்கும்.

சாப்பாடு இறங்கவில்லை. "பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்களே, என்ன?" என்று மனைவி கேட்டதும் கொட்டிவிட்டேன். அம்மாவைத் தூக்க ஆள் வராது என்று சொல்லும்போது அழுகையே வந்துவிட்டது. அவள் அசரவில்லை.

"அத்தைக்கு என்னைக்கோ வரப்போறதுக்கு இப்பமே அழுதீங்க. அந்த வீட்டுல உசுரோட இருக்கவங்களுக்கு இன்னைக்கு மாவு இல்ல."

விசாரணையன்று பதினோரு பேரும் ஒப்பித்தாற்போல் ஒன்றையே சொன்னார்கள். என் முறை வந்தது. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இந்தப் பக்கம் அண்ணன். அந்தப் பக்கம் தன் அப்பாவோடு அந்தப் பெண். சொல்லுங்க சார் என்பதுபோல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க போடும்போது தாள்ல எழுத்து இருந்துச்சா?" என்று அதிகாரி கேட்டார்.

"இருந்துச்சு."

"வாசிச்சீங்களா?"

"பூரா வாசிச்சேன். வாசிச்சுட்டுத்தான் போட்டேன்."

"சட்டம் நடத்துறவர் எப்படிப் போட்டீங்க?"

"பயந்துட்டேன் சார்."

அண்ணன் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அதிகாரி அவரை உட்காரச் சொல்லி, என் வாக்குமூலத்தை எழுதவைத்தார். இனி அந்த வீட்டுக்கு உழப் போகிறவரை எவராவது தடுத்தால் வழக்குப் பாயும் என்று பன்னிரண்டு பேரிடமும் எழுதி வாங்கினார். அந்த வாரமே, மழைக்கு இரண்டு நாள் முன்னால், வேறு காடுகள் வழியாகச் சுற்றி டிராக்டர் போய் விதைப்பும் முடிந்தது. என்னோடு ஊரில் இப்போது யாரும் பேசுவதில்லை. அம்மாவுக்கு லேசாக இருமல் என்றாலும் எனக்கு ஈரக்குலை நடுங்குகிறது.

ஆனால் அன்று வராந்தாவுக்கு வந்தபோது, மடையன், நான் நன்றியை எதிர்பார்த்தேன். அந்தப் பெண் படியருகே நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"நீங்க வாசிச்சிருக்கவே மாட்டீங்கன்னு மூணு வாரமா எங்க அம்மாட்ட சண்டை போட்டேன் சார்" என்றாள். அப்பாவின் பைக்கில் ஏறிப் போய்விட்டாள்.