அம்மா பெயரில் விழுந்த கட்டங்கள்

போன வருஷம் மழைக்காலம், குன்னூரில் நடந்தது. நான் வேலை பார்க்கிற காலேஜில் எத்தியோப்பியாவிலிருந்து வந்து ஒரு பெண் படிக்கிறாள். ஊரில் அவளுடைய அம்மா திடீரென்று இறந்துவிட்டார். கிளம்பினாலும் அடக்கத்துக்குள் போய்ச் சேர முடியாது. அழக்கூட இல்லை, ஹாஸ்டலில் பிரமை பிடித்த மாதிரி உட்கார்ந்திருந்தாள்.

நம் பக்கம் சாவு என்றால் கண்ணீர் அஞ்சலி பேனர் வைக்காமல் மனசு ஆறுமா? சர்ச்சில் ஜெபம் வைத்து, வாசலில் பேனரும் கட்டலாம் என்று ஹாஸ்டல் பெண்களும் நானும் முடிவு பண்ணினோம். அம்மா பெயரை உங்கள் எழுத்திலேயே போடலாமா என்று கேட்டதும்தான் அவள் நிமிர்ந்து பார்த்தாள். அம்ஹாரிக் எழுத்தில் அவளே போனில் டைப் பண்ணிக் கொடுத்தாள். அப்படியே பேனர் கடைக்கு அனுப்பினேன்.

சாயங்காலம் வாங்கப் போனால், அவள் அம்மா போட்டோவுக்குக் கீழே வரிசையாகக் காலிக் கட்டங்கள்! கடைக் கம்ப்யூட்டரில் அந்த எழுத்துக்கான ஃபாண்ட் இல்லை. அந்த மொழியின் ஒவ்வொரு எழுத்துக்கும் தனி எண் கொடுத்துக் கம்ப்யூட்டர் உலகத்தில் எப்போதோ சேர்த்தாயிற்று. ஃபாண்ட் இலவசம், இறக்கினால் முடிந்தது வேலை. கடைக்காரரோ, அவர்கள் எழுத்தே இப்படித்தான் என்று நினைத்தாராம். சரி, தெரியாமல் நடந்தது, தொலையட்டும். அடுத்துச் சொன்னாரே, அதுதான் தாங்கவில்லை.

"விடுங்க மேடம், குன்னூர்ல இதை யாருங்க படிக்கப் போறாங்க?"

எனக்கு வந்ததே கோபம். "ஒருத்தி படிப்பா. செத்தது அவ அம்மா."

நம் தமிழ் ஒரு காலத்தில் மெயிலில் கட்டம் கட்டமாக வந்தபோது எத்தனை பேர் திட்டித் தீர்த்தோம்! அடுத்தவர் எழுத்து என்றால் கட்டமே போதுமா? உங்கள் அம்மா பெயர் இப்படி வந்தால் வாங்கிக்கொண்டு போவீர்களா என்று கேட்டேன். நகர மாட்டேன் என்று உட்கார்ந்து, ஃபாண்டை நானே இறக்கிக் கொடுத்தேன். முணுமுணுத்துக்கொண்டே மறுபடி அடித்தார்.

மறுநாள் சர்ச் வாசலில் அவள் பேனரைத் தொட்டு, அம்மா பெயரைச் சத்தமாக வாசித்தாள். அப்புறம்தான் வாய்விட்டு அழுதாள். அவளைத் தவிர இன்னும் எத்தனை பேர் படிக்க வேண்டும் என்று அந்தக் கடையைத் தாண்டும்போதெல்லாம் உள்ளே போய்க் கேட்கத் தோன்றுகிறது.