நான்காவது பங்கு

புதன்கிழமை காலை பதினொன்று பத்துக்கு நான் பள்ளியின் இயற்பியல் ஆய்வகத்துக்குள் நுழைந்தேன். அந்த நேரத்தை இன்னும் என்னால் கடந்துபோக முடியவில்லை.

மகள் பதினொன்றாம் வகுப்பு. அவளுடைய ஆசிரியர் பிள்ளைகளை நால்வர் நால்வராகப் பிரித்து, ஒவ்வொரு பாடத்தையும் நான்கு பங்காக்கிக் கொடுப்பார். தன் பங்கைப் படித்து மற்ற மூவருக்கும் புரியவைப்பது அவரவர் பொறுப்பு. தேர்வில் நால்வரின் சராசரிதான் நால்வருக்கும் மதிப்பெண். மகளின் குழுவில் மலைமேல் இருக்கும் பைல் நாடு என்ற ஊர்ப்பகுதிப் பெண் ஒருத்தி பத்துக்கு இரண்டு வாங்கியிருந்தாள். நானும் பி.எஸ்சி. படித்தவள். மகளின் மதிப்பெண் இறங்கியதும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

"அந்தப் புள்ளைய வேற குழுவுல போடுங்க சார்" என்றேன்.

ஆசிரியர் சிரித்தார். "ஏனுங்கம்மா, நாலு பேரு தூக்கற கட்டில்ல ஒருத்தர எறக்கி உட்டா பாரம் கொறையுமுங்களா?"

"அவ தூக்கறவ இல்லீங்க சார். அவளேதான் பாரம்."

அவர் முகம் மாறியது. திரும்பிப் பார்த்தேன். வில் தராசைக் கையில் பிடித்தபடி அந்தப் பெண் நின்றிருந்தாள்.

மறுநாளிலிருந்து அவள் பள்ளிக்கு வரவில்லை. அவளுக்குக் கொடுத்திருந்த பங்கு திருப்புவிசை, ஒரு பொருளை அச்சில் சுழற்றும் விசை பற்றிய பாடம். அடுத்த தேர்வில் அந்தக் கேள்விக்கு மட்டும் மகள் எதுவும் எழுதவில்லை.

"புஸ்தகத்துலதான இருக்குது, நீயே படிச்சிருக்கலாமே கண்ணு?"

"அது அவ பங்கு. அவளையே வந்து சொல்லச் சொல்லு."

அதன்பிறகு மகள் என்னோடு சாப்பிட உட்காரவில்லை.

இரண்டு முறை பைல் நாட்டுக்கு வண்டியில் போனேன். முதல் முறை வீடு பூட்டியிருந்தது; எல்லோரும் மிளகு பறிக்கப் போயிருந்தார்கள். இரண்டாம் முறை அவள் அப்பா வாசலிலேயே நின்றார். மன்னிப்புக் கேட்கத்தான் போயிருந்தேன். இந்த வருஷம் மிளகு எப்படிங்க என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தேன். படித்தவளுக்கு அவ்வளவுதான் வாய் வந்தது.

ஞாயிறு மதியம் கதவு தட்டப்பட்டது. திறந்தால் அவள்தான், நோட்டை மார்போடு அணைத்தபடி. மகள் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "உள்ள வா சாமி" என்றேன். அவள் செருப்பைக் கழற்றவில்லை.

"டீசி வாங்கியாச்சுங்கம்மா. நாளைக்கிருந்து அப்பாகூட தோட்டத்துக்குப் போறேன். எம் பங்கு மட்டும் பாக்கி. இந்தக் கதவ வெச்சே சொல்லிக் குடுத்துட்டுப் போயர்றேனுங்க."