இரண்டு பக்கத்துக்கும் கேட்ட குரல்

கால்பந்தில் எனக்கென்று ஒரு இடம் இருந்ததில்லை. பின்வரிசையில் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் பின்வரிசை. முன்வரிசைக்காரன் கலியாணம் கட்டப் போய்விட்டால் முன்வரிசை. ஒருமுறை கோல் காப்பாளர் கடலால் வரப் பிந்தியதால் அவருடைய சட்டையை மாட்டிக்கொண்டு கம்பங்களுக்கு நடுவே நின்றேன். அவர் வள்ளத்தை விட்டிறங்கி மீன் வாசத்தோடு ஓடிவந்ததும், சட்டையைக் கழற்றிக் கொடுத்துவிட்டு இடப்பக்கம் விளையாடப் போனேன்.

கழகங்களும் அப்படித்தான். கொஞ்சக் காலம் விடத்தல்தீவு, பிறகு மன்னார்த் தீவு, இடையில் நானாட்டானில் அறுவடை முடியும்வரை. “அண்ணை, ஒரு ஆள் குறையுது” என்று யார் வாசலில் வந்து நின்றாலும் சப்பாத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

முழங்கால் பழுதானபோது மன்னார்த் தீவுக் கழகத்தில் இருந்தேன். மைதான ஓரத்து வாங்கில் உட்காரவைத்தார்கள். கால் ஓய்ந்ததும் வாய் ஓடத் தொடங்கியது.

விடத்தல்தீவோடு போட்டி. எங்கள் பையன் ஒருவனைப் பார்த்து, “உள்ளுக்கு வா! உள்ளுக்கு வா!” என்று கத்தினேன். அவன் அசையவில்லை. எதிரணியின் பின்வரிசைக்காரன், முன்பு என் பக்கத்தில் நின்று விளையாடியவன், சொன்னபடி உள்ளுக்கு ஓடிவந்தான். அவன் விட்டுவந்த வெளியால் எங்கள் ஆள் போய் கோல் அடித்தான்.

“அண்ணை, நீங்கள் இப்ப அங்கால் பக்கமெல்லோ!” என்று தலையில் கை வைத்தான் அந்தப் பின்வரிசைக்காரன்.

அன்று பின்னேரமே விடத்தல்தீவுக் கழகத்தின் செயலாளர் வீட்டுக்கு வந்தார். நாலைந்து வள்ளம் வைத்திருக்கும் சம்மாட்டி.

“எங்கட பெடியள் என்ர சொல்லைக் கேக்கினமில்லை. நீங்கள் எதிர்ப்பக்கம் இருந்து சொன்னாலும் கேக்கினம். வந்து பழக்குங்கோ.”

இப்படித்தான் பயிற்றுநரானேன். முதல் போட்டியே மன்னார்த் தீவுக் கழகத்தோடு. நான் கத்தக் கத்த இரண்டு அணியும் கேட்டன. கொஞ்ச நேரத்தில் மைதானத்தின் நடுவில் மடு மாதா திருவிழாச் சனம்போல எல்லோரும் நெருக்குப்பட்டு நின்றார்கள். நடுவர் விசில் ஊதிவிட்டு என்னிடம் வந்தார்.

“நீங்கள் ஆரின்ர ஆள், ஐயா?”

வெட்கமாகப் போய்விட்டது. இரண்டாம் பாதி முழுவதும் சட்டைப் பையிலிருந்த லேஞ்சியால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். பையன்கள் தாங்களாகவே பந்தைக் கொடுத்து வாங்கி வென்றுவிட்டார்கள். சந்தோஷந்தான். ஆனாலும் நான் வாய் திறக்காமலே வென்றது கொஞ்சம் குத்தியது.

சம்மாட்டி வந்து கையைப் பிடித்துக் குலுக்கினார். “நல்லாப் பழக்கியிருக்கிறியள்.”

“நான் ஒண்டும் சொல்லேல்லையே.”

“ஓம், அதுதான். அடுத்த மட்சுக்கும் ஒண்டும் சொல்லாதேங்கோ.”

பல வருடம் அங்கே இருந்தேன். பயிற்சி நாட்களில் தொண்டை கட்டும்வரை கத்துவேன். போட்டி நாட்களில் வாய் நிறையக் கச்சான் கடலையைப் போட்டுக்கொண்டு சும்மா இருப்பேன். எதிர்க் கழகத்துக்காரர்கள்தான் பக்கத்தில் வந்து குந்தி, “என்ன அண்ணை, சுகமில்லையோ? சத்தத்தைக் காணேல்லை” என்று அன்பாக விசாரிப்பார்கள்.