பாதியில் நின்ற கல்யாணப் படங்கள்

குளோரிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கடற்கரைக்காரி. எம்.சி.ஏ. படித்துவிட்டுச் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். அதை இழுத்து மூடியதும் ஊருக்கே திரும்பிவிட்டாள். 2009-ல் மார்த்தாண்டத்தில் இஸ்ரவேலின் போட்டோ ஸ்டுடியோவில் சேர்ந்தாள். கல்யாண ஆல்பத்துக்கான கம்ப்யூட்டர் வேலை முழுக்க அவள் பொறுப்பு.

அங்கே அவள் இரண்டு புரோகிராம் எழுதி வைத்திருந்தாள். முதலாவது, கேமரா கார்டில் இருக்கும் படங்களை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டருக்குள் எடுத்து வைக்கும். அது 'முடிந்தது' என்று சொன்னதும், இரண்டாவது புரோகிராம் கார்டை அழித்து அடுத்த விசேஷத்துக்குத் தயாராக்கும். கறுப்புத் திரையில் வரிவரியாக எழுத்து ஓடும், அவ்வளவுதான். நடுவில் நிறுத்த வேண்டுமானால் கீபோர்டில் கண்ட்ரோலையும் சி-யையும் சேர்த்து அமுக்க வேண்டும். அமுக்கினால் புரோகிராம் நின்ற இடத்திலேயே செத்து விழும். திரை நிறையப் பிழைச் செய்தி கொட்டும்.

இஸ்ரவேலுக்கு அது பிடிக்கவில்லை. கவுண்டரில் நிற்கிறவர்களுக்குத் திரை நன்றாகத் தெரியும்.

"ஆளுவ பாத்தா மிஷின் கேடுன்னு நினைப்பாவ. நாணக்கேடு. எப்ப நிறுத்தினாலும் மரியாதையா 'முடிந்தது, நன்றி'ன்னு வரட்டும் பிள்ளே."

"அண்ணாச்சி, எழுத்த மறச்சா மட்டும் போதாது. பாதியில நின்னா, பாதியில நின்னேன்னு அது சொல்லணும். ரெண்டு நாள் தாருங்க, ஒழுங்கா செய்து தாறேன்."

"சீசன் நேரத்துல ரெண்டு நாளா? சொன்னத மட்டும் செய்யி மக்கா."

காது சிவக்கச் சிவக்க உட்கார்ந்து அவர் சொன்னபடியே செய்தாள். செய்தி மறைந்தது, நன்றி வந்தது. அந்த எரிச்சலில் ஒன்றை யோசிக்கவில்லை: அதே 'முடிந்தது'தான் இரண்டாவது புரோகிராமின் காதுக்கும் போகும்.

ஆவணியில் நாகம்மை என்கிறவளின் மகள் நந்தனாவுக்குக் கல்யாணம். படம் எடுத்தது இஸ்ரவேலின் ஸ்டுடியோதான். மறுநாள் குளோரி படங்களை ஏற்ற விட்டுவிட்டுச் சாப்பிடப் போனாள். அந்த நேரம் பார்த்து ஒருவர் பாஸ்போர்ட் போட்டோ உடனே வேண்டும் என்று வந்து நின்றார். அதற்குக் கம்ப்யூட்டர் வேண்டியிருந்ததால் இஸ்ரவேல் கண்ட்ரோல் சி-யை அமுக்கினார். திரை மரியாதையாக நன்றி சொன்னது. இரண்டாவது புரோகிராம் அதை நம்பிக் கார்டைத் துடைத்துப் போட்டது. சாயங்காலமே கேமராக்காரன் ஜான்ரோஸ் அதே கார்டோடு ஒரு ஞானஸ்நான வீட்டுக்குப் போய்விட்டான்.

ஆல்பம் செய்யத் திறந்தபோதுதான் குளோரி அதைப் பார்த்தாள். பெண் மண்டபத்துக்குப் போக வீட்டை விட்டு இறங்குகிற இடத்தோடு படங்கள் நின்றிருந்தன. கடைசிப் படத்தில் நந்தனாவின் நெற்றி வரைதான் இருந்தது. கீழே வெறும் சாம்பல் நிறம்.

விஷயம் கேட்டு நாகம்மை கடைக்கே வந்துவிட்டாள்.

"தாலி கெட்டின படம் எங்கே?"

இஸ்ரவேல் குளோரியின் பக்கம் கையை நீட்டினார். "இந்தப் பிள்ளைக்க கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு."

"கோளாறா?" குளோரி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "நிறுத்தினது நீங்க. நிறுத்தினாலும் முடிஞ்சதுன்னு பொய் சொல்லச் சொன்னது நீங்க. அந்தப் பொய்ய எழுதினது நான். உள்ளத உள்ளபடி சொல்லுங்க அண்ணாச்சி!"

"நீங்க ரெண்டுபேரும் பிறவு அடிச்சுக்கிடுங்க" என்றாள் நாகம்மை. "எனக்க மவளுக்கு இன்னொருக்க தாலி கெட்ட முடியுமா? அத சொல்லுங்க."

நாகம்மை செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

அழித்த கார்டிலும் படத்தின் தடம் கொஞ்ச நாள் கிடக்கும். குளோரி அதைத் தோண்டினாள். ஜான்ரோஸ் மேலே வேறு படம் எடுத்துவிட்டதால், பந்தியில் ஆட்கள் சாப்பிடுகிற படங்கள்தான் மிஞ்சின.

அன்றைக்கே புரோகிராமைப் பிரித்துப் போட்டுத் திரும்ப எழுத உட்கார்ந்தாள்.

"ஆல்பம் வேலை ஒக்க அப்படியே கெடக்கு" என்றார் இஸ்ரவேல்.

"கெடக்கட்டும்."

இரண்டு நாளில் எழுதி முடித்தாள். இப்போது கண்ட்ரோல் சி அமுக்கினால் புரோகிராம் உடனே விழாது. கையில் இருக்கிற படத்தை எடுத்து முடித்துவிட்டு நிற்கும். பொறுக்காமல் இன்னொரு தடவை அமுக்கினால் உடனே நிற்கும். அரைகுறைப் படத்தைத் துடைத்துவிட்டுத்தான் போகும். எப்படி நின்றாலும் அடுத்த புரோகிராமிடம் 'வேலை முடியவில்லை' என்றே சொல்லும். அதைக் கேட்டால் அது கார்டைத் தொடாது. மறுபடி ஓட்டினால் விட்ட இடத்திலிருந்து தொடங்கும்.

பழைய கார்டு ஒன்றைச் செருகி, "நீங்களே அமுக்குங்க" என்றாள்.

இஸ்ரவேல் பயந்து பயந்து அமுக்கினார். 'பாதியில் நிறுத்தப்பட்டது. கார்டு அழிக்கப்படவில்லை' என்று வந்தது.

"கடைசியில ஒரு நன்றி போட்டிருக்கலாம்."

"யாருக்கு?"

அவர் பிரிண்டர் பக்கம் போனார்.

மிஞ்சிய படங்களைப் பிரிண்ட் போட்டு நாகம்மை வீட்டுக்குக் குளோரியே கொண்டுபோனாள். நாகம்மை கேட்டைப் பாதி திறந்து கவரை வாங்கி, நின்றபடியே புரட்டினாள்.

"எல்லாரும் சாப்பிடுகாவ" என்றாள். கேட்டைச் சாத்தினாள்.

பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போதும் குளோரிக்குக் காதில் சூடு தணியவில்லை. கோபம் இஸ்ரவேல் மேலா, அன்றைக்குச் சரி என்று தலையாட்டிய தன் மேலா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை. மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு, நாலாவதில் ஏறினாள்.