தோளில் ஏறி வந்த மோட்டார்

எனக்கு வயது அறுபத்தெட்டு. நான் வளர்த்து ஆளாக்கியது ஏழு பேரை. அதில் இருவர் நான் பெறாதவர்கள், ஆனால் அடி வாங்கியதில் யாருக்கும் வித்தியாசம் கிடையாது. பள்ளிக்கூடத்து வாசலை நான் மிதித்ததில்லை. ரங்கோன் கடைத்தெருவில் பெயர்ப் பலகைகளைப் பார்த்துப் பார்த்து வந்த எழுத்து இது. அதனால் ஒவ்வொரு எழுத்தும் பலகையில் இருப்பது போலப் பெரிதாகத்தான் விழும். ரங்கோனில் இருக்கும் நம்மவர்களுக்கும், அங்கிருந்து கிளம்பி என்னைப் போல எங்கெங்கோ ஒதுங்கியவர்களுக்கும் எழுதுகிறேன். நான் அவசரப்படப் போவதில்லை, நீங்களும் படவேண்டாம்.

இந்தக் கொல்லிமலையில் காலையில் ஒரு விநோதம் நடக்கும். ரங்கோனில் அடுத்த வீட்டுக்காரி கதவைத் திறந்ததும் "சாப்பிட்டாச்சா?" என்பாள். இங்கே கம்பளியைப் போர்த்திக்கொண்டு ஒருவர் பனியில் வந்து நின்று, மோட்டாருடைய ஏதோ ஓர் உறுப்பின் சுகத்தை விசாரிப்பார். நான் வந்த மறுநாளே ஒரு பெரியவர், பெயர் சடையன், வாசலில் நின்று, "ஏனுங்க ஆத்தா, எங்க சக்கரம் சொகமுங்களா?" என்றார். யாரோ மாட்டுவண்டிக்காரர் வீடு தெரியாமல் வந்துவிட்டார் என்று நினைத்து, "உங்க சக்கரம் இங்கே இல்லையே, ஐயா" என்று மரியாதையாகத்தான் சொன்னேன். மனிதர் அலறிவிட்டார். "இல்லீங்களா? நேத்துப் பொழுதோட இருந்துச்சுங்களே!" என்று கம்பளி கீழே விழுவதைக்கூடப் பார்க்காமல் பக்கத்து மோட்டார் ஷெட்டுக்கு ஓடினார். காரின் முன்சக்கரம் ஒன்றைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, திருடியைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். அந்தப் பார்வை மாறப் பல நாள் ஆயிற்று.

விஷயம் இதுதான். சேலத்து முதலாளி ஒருவருக்கு மலைமேல் காப்பித் தோட்டம். மலைக்கு மோட்டார் ரோடு கிடையாது. ஆனால் ஏறி முடித்த இடத்திலிருந்து செம்மேட்டைத் தாண்டித் தோட்டத்து பங்களா வரை ஓரளவு சமமான வண்டிப்பாதை உண்டு. அந்தப் பாதையிலாவது காரில் போகவேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. அடிவாரத்து முள்ளுக்குறிச்சியில் காரை அக்கு அக்காகக் கழற்றி, தேவனூர் நாட்டு ஆட்களை வைத்து மலைக்குத் தூக்கிவரச் செய்தார். சக்கரம் ஒரு வீடு, ரேடியேட்டர் ஒரு வீடு, கதவுக்கு ஒரு வீடு என்று சுமந்தார்கள். எஞ்சினை மூங்கில் கட்டி ஓர் ஊரே தூக்கியது. கூட வந்த ஃபிட்டர் எல்லாவற்றையும் பூட்டிக் கொடுத்துவிட்டு, குளிர் ஒத்துக்கொள்ளாமல் இறங்கியவர், இனி அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். மிஞ்சியது டிரைவர் ஒருவன்தான். அவன் என் கடைசி மகன் கதிரேசன்; அவனோடு அவன் மகள் ராஜமும் நானும்.

இந்த மலையில் ஒரு வழக்கம். தோளில் ஏற்றிக் கொண்டுவந்த பொருளுக்குத் தூக்கிவந்த வீடுதான் காவல். அது கெட்டுப்போனால் அந்த வீட்டுக்குக் குறை. கூலி வாங்கியதோடு தீர்ந்தது என்று அவர்கள் நினைப்பதில்லை. ஆகையால் ரேடியேட்டர் வீட்டுக்காரர்கள் ஊற்றுத் தண்ணீரை வடிகட்டிக் கொண்டுவருவார்கள். கதவு வீட்டுப் பெண் கதவுக்கு மட்டும் எண்ணெய் தடவித் துடைத்துவிட்டு, பக்கத்துக் கதவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போவாள். என் மகன் ஒரு நட்டைத் திருகவேண்டுமென்றால்கூட, "யாரு கொண்டாந்தது, அவிங்களக் கூப்பிடுங்க" என்பார்கள்.

ரங்கோனில் டிரைவரின் கை ஸ்டியரிங்கைத் தவிர வேறு எதையும் தொடாது. வண்டி இருமினால் போதும், தெருமுனையில் சீனத்து மேஸ்திரி காத்திருப்பார். கதிரேசனும் அப்படியே பழகியவன். இங்கே மேஸ்திரிக்கு எங்கே போவது? ஓட்டுவதும் அவன்தான், பழுது பார்ப்பதும் அவன்தான். நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து ஒன்று தெரிந்துகொண்டேன்: டிரைவர் தானே செய்துகொள்ளக்கூடியது நாம் நினைப்பதைவிட அதிகம். தண்ணீர் பார்க்கலாம், எண்ணெய் பார்க்கலாம், டியூப் ஒட்டலாம், பிளக்கைக் கழற்றிக் கரியைத் துடைக்கலாம், பெல்ட்டை இழுத்துக் கட்டலாம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கஷாயம் நாமே வைக்கிறோம் அல்லவா, அது மாதிரி. அதற்காகக் கத்தியை எடுத்து வயிற்றைக் கிழிக்கப் போகக்கூடாது. கியர்ப் பெட்டி, டைனமோ இதெல்லாம் வயிறு. ஒருமுறை கார்புரேட்டரைக் கழற்றிப் பூட்டியபின் ஒரு திருகு மிஞ்சிவிட்டது. அதை யார் சுமந்து வந்தது என்று ஊரெல்லாம் கேட்டாயிற்று, ஒருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசியில் அது என் அரிக்கேன் விளக்கின் திருகு.

மழை ஆரம்பித்த சமயம், முதலாளி வரப்போவதாக ஆள் வந்து சொன்னான். சந்தை முடிந்த மறுநாள் டோலியில் மேலே வருவார். ஏறி முடித்த இடத்தில் கார் நிற்கவேண்டும். "போன தடவை மாதிரி வழியில நின்னுதுன்னா, காரைக் கழட்டிக் கீழே கொண்டுவந்து வித்துடுவாராம். டிரைவரும் வேணாமாம்" என்றான். ரங்கோன் வீட்டை ஒப்படைத்துவிட்டு வந்தாயிற்று. சேலத்தில் இரண்டு இடத்தில் கதிரேசனை வேலைக்கு வேண்டாம் என்று சொல்லியாயிற்று. இந்த ஷெட்டின் பக்கத்து அறையை விட்டால் எங்களுக்குக் கூரை இல்லை.

கார் அன்றைக்கே மக்கர் செய்தது. ஷெட்டிலிருந்து ஜோராகப் புறப்படும். பலாமரத்து வளைவுக்குப் போனதும் விக்கி விக்கி நின்றுவிடும். கதிரேசன் இறங்கி, பெட்ரோல் இருக்கிறதா என்று டாங்கியின் மூடியைத் திறந்து குச்சி விட்டுப் பார்ப்பான். இருக்கும். மூடியைப் போட்டு ஹாண்டில் அடித்தால் மறுபடி புறப்படும். கொஞ்ச தூரம் போய் மறுபடி நிற்கும். பிளக்கைத் துடைத்தான். குழாயை வாயால் ஊதினான். கார்புரேட்டரைக் கழற்றினான். இந்தத் தடவை விளக்கை நான் தள்ளி வைத்தேன். எதிலும் குறை தெரியவில்லை.

செய்தி பரவி, எல்லா வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். சடையன் சக்கரத்தைச் சுற்றிக் காட்டி, "எங்கூட்டுச் சாமான்ல குத்தமில்லீங்க. எல்லாம் அந்த ரேடியேட்டர்க்காரனாலதான்" என்றார்.

ரேடியேட்டர் வீட்டுக்காரருக்குக் கோபம் வந்துவிட்டது. "ஏய் சடையா, தண்ணி ஊத்தறது நாங்க. நீ என்ன பண்ற? வந்து கட்டிப் புடிச்சிட்டுப் போற!"

"கட்டிப் புடிச்சாத்தான்டா காத்து நிக்கும்!"

பலாமரத்தில் ஏதோ குடியிருக்கிறது, அதுதான் வண்டியைப் பிடிக்கிறது என்று ஒரு கட்சி. அதற்கும் தேங்காய் உடைத்தோம். பலாமரத்தைத் தாண்டிக் கொஞ்சம் போய் நின்றது. "பாத்தீங்களா, கொணமாயிருச்சு!" என்று அந்தக் கட்சிக்காரர்கள் சந்தோஷப்பட்டார்கள்.

கதிரேசன் மண்ணில் உட்கார்ந்துவிட்டான். "அம்மா, சேலத்துக்குப் போய் ஃபிட்டரைக் கூட்டிட்டு வரேன்."

"கூட்டிட்டு வந்தா முதலாளிக்குத் தெரியாதா? உனக்கு ஒண்ணும் வராதுன்னு நீயே தண்டோரா போட்டுக்கப் போறியா?"

"எனக்கு நிஜமாவே ஒண்ணும் வரலியேம்மா!"

"நிக்குது, மறுபடி கிளம்புது. செத்த வண்டி எழுந்திருக்குமா? நடுவிலே நீ என்ன செய்யறே, அதைச் சொல்லு."

"ஒண்ணும் செய்யலை. மூடியைத் திறந்து பெட்ரோலைப் பாக்கறேன், அவ்வளவுதான்."

அந்த வார்த்தை என்னைப் பிடித்துக்கொண்டது. நம் வீடுகளில் மண்ணெண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை போட்டுச் சாய்த்தால் என்ன ஆகும்? நாலு சொட்டு விழும், நின்றுபோகும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் காற்று உள்ளே போகும், எண்ணெய் வெளியே வரும். இது தெரியாத பெண்பிள்ளை ரங்கோனிலும் இல்லை, இங்கேயும் இல்லை. மூடியை வாங்கிப் பார்த்தேன். நடுவில் ஊசிமுனை போல ஒரு துவாரம் இருக்கவேண்டிய இடத்தில் பழுப்பாக, வழவழவென்று, அழகாகத் தேன்மெழுகு.

"இதை யாரு வெச்சது?" என்றேன்.

டாங்கி வீட்டுக்காரி வெள்ளையம்மா, மலைத்தேன் எடுக்கிற குடும்பம், முகமெல்லாம் மலர முன்னால் வந்தாள். "நாந்தானுங்க ஆத்தா! மூடியில ஓட்டை. மழைத்தண்ணி எறங்கிருச்சுன்னா? வாசமும் போயிருமுங்களே. தேன் சாடிக்கு வெக்கிற மாதிரி பாத்துப் பாத்து வெச்சேன். ஒரு எறும்பு நொழையட்டும் பாக்கலாம்!"

எனக்குச் சிரிப்பும் வந்தது, பயமும் வந்தது. வெள்ளையம்மாவால்தான் வண்டி நின்றது என்று சடையன் காதில் விழுந்தால், அவள் வீட்டுக்குத் தலைமுறைக்கும் சொல்லிக்காட்டுவார். அவளைத் தனியாக அடுக்களைக்கு அழைத்துப் போய், மண்ணெண்ணெய் டின்னை எடுத்து ஒரு ஓட்டையை விரலால் மூடிச் சாய்த்தேன். விரலை எடுத்தேன். மறுபடி மூடினேன். வெள்ளையம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"அய்யோ சாமி! அது மூச்சு உடற ஓட்டைங்களா? மூக்கையில்ல அடைச்சுப்போட்டேன்! முன்னயே சொல்லியிருக்கக் கூடாதுங்களா?"

தன் காதுத் தோட்டைக் கழற்றி அதன் கம்பியால் மெழுகைத் தானே நோண்டி எடுத்தாள். வெளியே வந்து, "ஆத்தா மந்திரிச்சுக் குடுத்திருக்காங்க, வண்டிய எடுங்க கண்ணு" என்று கதிரேசனிடம் மூடியை நீட்டினாள். பலாமரத்தைத் தாண்டி, செம்மேட்டைத் தாண்டி, கார் போய்க்கொண்டே இருந்தது. பழுது பார்க்கிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: எதையும் கழற்றுவதற்கு முன், கடைசியாக யார் ஆசையோடு தொட்டார்கள் என்று கேளுங்கள்.

முதலாளி வந்தார். கார் தயாராக நின்றது. அவரவர் சாமானுக்குப் பக்கத்தில் அவரவர் வீடு நின்றது. கதிரேசன் மெதுவாக ஓட்ட, சக்கரக்காரர்கள் சக்கரத்தோடும், கதவுக்காரி கதவோடும் கூடவே நடந்தார்கள். முதலாளி கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தார்.

"யாருப்பா இவங்கள்லாம்?"

"வண்டிக்குச் சொந்தக்காரங்க, ஐயா" என்றான் கதிரேசன்.

"அப்போ நான் யாரு?"

வெள்ளையம்மா ஜன்னல் பக்கம் குனிந்து, ரொம்பப் பணிவாக, "நீங்க ஏறி உக்காருறவருங்க" என்றாள்.

முதலாளி சிரித்த சிரிப்பில் எங்கள் வேலை நிலைத்தது. பங்களாவில் இறங்கியதும் என்னைக் கூப்பிட்டார். கதிரேசன்தான் பழுது பார்த்தான் என்று நான் சொன்னேன், பார்த்தவன் அவன்தானே. சந்தோஷத்தில் அவர், "அம்மா, உங்க மூத்த பொண்ணு ரங்கோன்ல இருக்காங்களாமே. நான் இறங்கும்போது என் ஆட்களோட நீங்களும் டோலியில வாங்க. கப்பலேத்தி விடறேன், பாத்துட்டு வாங்க" என்றார். மகளும் வரச் சொல்லி எழுதிக்கொண்டேதான் இருக்கிறாள். நான் பதில் சொல்வதற்குள் பின்னாலிருந்து இரண்டு பேர் முன்னால் வந்துவிட்டார்கள்.

முழங்கால் வலியால் நான் இந்த மலைக்கு நடந்து வரவில்லை. டோலியில்தான் தூக்கி வந்தார்கள். முன்கம்பு ஒரு வீடு, பின்கம்பு ஒரு வீடு. "அவிங்க எங்க சுமைங்க. வேற ஆளு எறக்கக் கூடாதுங்க" என்றார் முன்கம்புக்காரர். "சாமை அறுத்துப்போட்டு நாங்களே கூட்டிட்டுப் போறமுங்க." பின்கம்புக்காரர் ஒரே பிடியாக, "என்ற தோள்ல ஏறுனவிங்கள நான் எறக்க மாட்டேனுங்க" என்றார். முதலாளி இறங்கிப் போய்விட்டார். சாமையும் அறுத்தாயிற்று. அந்த இருவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை, நானும் அவசரப்படுத்தவில்லை. மகளுக்கு மட்டும், பேச்சு நடக்கிறது என்று எழுதியிருக்கிறேன்.

டோலியில் ஏறுகிறவர்களை விட்டுவந்த பக்கம் பார்த்து உட்காரவைப்பது இங்கே பழக்கம். வரப்போகிற பாதையைப் பார்த்தால் பயந்து குதித்துவிடுவார்களாம். அதனால் நான் இந்த மலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கண்ணெல்லாம் கீழே சமவெளியில் வைத்துத்தான் ஏறிவந்தேன். இறங்குகிற நாள் வந்தால், இந்த மலையைப் பார்த்தபடிதான் இறங்கவேண்டியிருக்கும்.

ராஜம், இங்கே வா கண்ணு. உன் அப்பாவைப் பற்றி எழுதின இடத்தைப் படிக்கும்போது அவன் உள்ளே வந்தால் மட்டும் நிறுத்திக்கொள். மற்றதையெல்லாம் முதலிலிருந்து ஒருதரம் உரக்கப் படி. பின்கம்புக்காரர் வாசலில் நிற்கிறார், அவருக்கும் கேட்கட்டும்.