தகர மூக்கு

மைசூர் ரயிலடியில் டாக்ஸிகள் வரிசையாக நிற்கும். அதில் அமலதாஸின் கறுப்பு வண்டியை யாரும் தேட வேண்டியதே இல்லை. அதற்கு மட்டும்தான் மூக்கு. மண்ணெண்ணெய் டின்னை வெட்டி, முன்பக்கம் வாயை அகலமாக விரித்து, பின்பக்கம் குழாயாகச் சுருட்டி, ரேடியேட்டருக்குப் பக்கத்தில் போல்ட் போட்டு மாட்டியிருந்தான். குழாயின் மறுமுனை பானட்டுக்குள் போய், கார்புரேட்டர் காற்றை உறிஞ்சும் இடத்தில் முடியும். வண்டி ஓடும்போது எதிர்காற்று தகரத்தின் வாயில் புகுந்து இஞ்சினுக்குள் திணியும். காற்று கூடினால் நெருப்பு கூடும், நெருப்பு கூடினால் இழுப்பு கூடும். அவன் கணக்கு அவ்வளவுதான். கேலி செய்கிறவர்களிடம், "சிரிக்கிறதெல்லாம் ஆமேலே, அப்புறமா வெச்சுக்கலாம் ஸ்வாமி, மொதல்ல ஒரு தரம் ஓட்டிப் பாருங்க" என்பான்.

இந்தக் கணக்கை அவன் எந்தப் பள்ளிக்கூடத்திலும் படிக்கவில்லை. சண்டைக் காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல் பஸ்களெல்லாம் கரியில் ஓடினவே, அப்போது கொள்ளேகால் தடத்தில் கிளீனராகச் சேர்ந்து டிரைவரானவன். பஸ்ஸின் முதுகில் இரும்பு உலை இருக்கும். அடுப்புக்கரியைக் கொட்டிக் கொளுத்தி, கைவிசிறிச் சக்கரத்தைச் சுற்றோ சுற்றென்று சுற்றினால் கரி கனிந்து வாயு வரும். அதில்தான் இஞ்சினுக்கு உயிர். காற்று போதவில்லையென்றால் ஏற்றத்தில் பஸ் படுத்துவிடும். சனங்கள் இறங்கித் தள்ளுவார்கள், தள்ளும்போதே டிரைவரின் ஏழு தலைமுறையையும் இழுப்பார்கள். அந்தக் கரி டிரைவர்களுக்குக் காற்று என்றால் சாமி மாதிரி. சுதந்திரம் வந்து, பெட்ரோலும் வந்து, உலைகள் காயலான் கடைக்குப் போன பிறகும் அந்தப் பக்தி மட்டும் போகவில்லை. கரிக்கு ஆனது பெட்ரோலுக்கும் ஆகாதா என்று எதையாவது வெட்டி ஒட்டிக்கொண்டே இருந்தார்கள். அமலதாசுக்கு அந்தப் பித்து கொஞ்சம் கூடுதல்.

சும்மா சொல்லக்கூடாது, அவனிடம் அத்தாட்சியும் இருந்தது. மூக்கு வைத்த மறுநாளே வண்டி சாமுண்டி மலையில் கன்றுக்குட்டி மாதிரி துள்ளிக்கொண்டு ஏறியதாம். இஞ்சின் சத்தமே மாறிவிட்டதாம், உறுமுகிறதாம். கொள்ளேகால் போய் வந்தால் அரை மணி நேரம் மிச்சம் என்று டாக்ஸி நிலையத்தில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அவன் பெண்டாட்டி செலினுக்கு அந்த மூக்கைக் கண்டாலே ஆகாது. அவளுக்கு ஊர் ஹனூரைத் தாண்டி, பாலாறு போகும் வழியில் ஒரு கிறிஸ்தவக் கிராமம். தலைப்பிரசவத்துக்கு அவளைத் தாய்வீட்டில் கொண்டுபோய் விட வேண்டிய நாளில் வண்டி முன்னால் வந்து நின்றவள் ஏறவே மாட்டேனென்றாள்.

"பன்னி மூஞ்சியாட்டம் இருக்குது. எங்கூருக் கோயிலு முன்னாடி இதுலயா நான் எறங்குவேன்? கழட்டுங்க மொதல்ல."

"கழட்டினா ஏத்தத்துல இழுக்காது செலின்."

"நான் இத்தாம் பெரிய வயித்த இழுத்துக்கிட்டு நடக்கல? அதும் இழுக்கும். கழட்டுங்க."

நிறைமாசக்காரி கேட்டால் யார் மறுப்பான்? சிரித்துக்கொண்டே கழற்றிக் கொட்டகையில் போட்டுவிட்டுப் போனான். அவளை விட்டுவிட்டுத் திரும்பி வந்தும் மாட்டவில்லை. இன்று நாளை என்று இருந்துவிட்டான்.

ஒரு காலையில் கொள்ளேகால் பஸ் டிரைவர் நிலையத்துக்கு வந்து ஆளைத் தேடிச் சொன்னார்: பெண் குழந்தை பிறந்திருக்கிறது, செலினுக்கு ரத்தப்போக்கு நிற்கவில்லை, உடனே வண்டியோடு வா. அமலதாஸ் வண்டியை எடுக்கும்போது கொட்டகை மூலையில் அந்தத் தகரம் கிடந்ததைப் பார்த்தான். மாட்டலாமா என்று நினைக்கவும் செய்தான். போல்ட்டைத் தேடி முடுக்கிக்கொண்டிருக்க வேண்டுமே என்று விட்டுவிட்டுக் கிளம்பினான்.

திரும்பி வரும்போது பின் சீட்டில் செலின் படுத்திருந்தாள். தலை அவள் அம்மாவின் மடியில். கொள்ளேகாலில் பார்த்த டாக்டர் மைசூருக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார். ஏற்றம் வரும்போதெல்லாம் அமலதாஸ் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தானே வண்டியைத் தள்ளுகிறவன்போல முன்னால் சாய்ந்தான். வழியெல்லாம் அவளோடு பேசிக்கொண்டே வந்தான். நரசிபுரம் வந்தாச்சு செலின். இதோ மலை தெரியுது பாரு. உங்க அக்கா ஆஸ்பத்திரி வாசல்லயே நிப்பா. "கேக்குறாளா அத்தை?" என்று அவ்வப்போது கேட்பான். "கேக்குறாப்பா, நீ ரோட்டப் பாத்து ஓட்டு" என்பாள் மாமியார். அவள் அழவில்லை, புலம்பவில்லை. பெற்றவளுக்கு இப்படியும் ஒரு கல்நெஞ்சா என்று அவனுக்கு அப்போதே ஆத்திரம் வந்தது.

ஆஸ்பத்திரியில் ஸ்ட்ரெச்சரை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள், சற்று நேரத்தில் கதவைத் திறந்துகொண்டு வந்து இல்லையென்றார்கள். அங்கே கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த ஆயா ஒருத்தி அவனைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். "அய்யோ பாவமே, ஒரு அரை மணி முன்னாடி வந்திருந்தா..." என்றாள். துக்கத்தில் நிற்கும் எல்லாரிடமும் சொல்கிற வார்த்தைதான் அது. வேறு எந்த அளவைச் சொல்லியிருந்தாலும் அவன் காதில் விழுந்து போயிருக்கும். அரை மணி என்றாளே, பாவி!

அன்றைக்கு மரத்துப்போனவன்தான் அமலதாஸ். அடக்கத்தின்போது அழவில்லை. மண் போடச் சொன்னார்கள், போட்டான். வீட்டுக்கு வா என்றார்கள், வந்தான். மறுவாரமே வண்டியை எடுத்துக்கொண்டு நிலையத்துக்குப் போய்விட்டான். நஞ்சன்கூடு போகணும் என்றால் நஞ்சன்கூடு, மலைக்குப் போகணும் என்றால் மலை. சோற்றில் உப்பில்லை என்று சொன்னால்தான் அவனுக்குத் தெரியும். அவனைப் பார்த்த சிலர், பெண்டாட்டி செத்த துக்கமே இல்லாதவன் என்று பேசிக்கொண்டார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? உள்ளே அவன் ஒரே ஒரு வேலை செய்துகொண்டிருந்தான். அந்தச் சாலையில் மூக்கு மாட்டிய வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தான். ஒவ்வொரு ஏற்றத்திலும் கொஞ்சம் கொஞ்சமாக நேரத்தை மிச்சம் பிடித்து, அரை மணி முன்னதாக ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து நிறுத்துவான். செலின் கண்ணைத் திறப்பாள்.

குழந்தையைச் செலினின் அக்கா மோலி எடுத்துக்கொண்டாள். அவள் அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அமலதாஸ் எப்போதாவது அவள் வீட்டு வாசல்வரை போவான். வாங்கிப்போன பாலையோ பழத்தையோ கொடுத்துவிட்டுத் திரும்புவான். குழந்தையை ஒருதரம்கூடத் தூக்கியதில்லை. வருஷம் திரும்பப்போகிற சமயம் மோலிக்குப் பொறுக்கவில்லை. நிலையத்துக்கே வந்துவிட்டாள்.

"ஏன் தம்பி, பெத்த பிள்ளைய யாரோ மாதிரி பாத்துட்டுப் போறியே, உனக்கு நெஞ்சுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

அப்போதுதான் அவன் வாயைத் திறந்தான்.

"அந்தத் தகரத்த மாட்டியிருந்தா அரை மணி மிச்சமாயிருக்கும் அக்கா. செலின் பொழைச்சிருப்பா. நான் மாட்டல. பிள்ளையத் தூக்கிக் கொஞ்ச எனக்கு என்ன யோக்கியதை இருக்கு?"

மோலி எதையோ சொல்ல வந்தவள், சொல்லாமல் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அவன் நேரே லிங்கப்பனின் ஒர்க்‌ஷாப்புக்குப் போனான். லிங்கப்பன் கொள்ளேகால் பக்கத்து ஆள். சண்டைக் காலத்தில் பெங்களூரில் ஆகாய விமானம் பழுதுபார்க்கும் கொட்டகையில் வேலை செய்தவன். அமலதாசின் மூக்கை ஆரம்பத்திலிருந்தே கிண்டல் செய்தவன், செலின் போனதற்குப் பிறகு அந்தப் பேச்சையே எடுத்ததில்லை.

"லிங்கப்பா, உண்மையச் சொல்லு. அந்த மூக்கு வேலை செய்யுதா, இல்லையா?"

லிங்கப்பன் கையிலிருந்த துணியைக் கீழே போட்டான். "ஏப்பா, நீ எதுக்குக் கேக்கறேன்னு எனக்குத் தெரியுமுங்காட்டி சொல்றேன். ஏரோப்ளேனுக்கு அது சரி. அது போற வேகத்துக்கு எதிர்க்காத்து மலையாட்டம் வந்து மோதும். உன்ற வண்டி போறது நாப்பது மைலு. அந்தக் காத்து உன்ற சட்டைக் காலரத் தூக்கும், வேறென்னத்தப் பண்ணும்?"

"அப்ப அன்னிக்கு மலையில பறந்ததே?"

"மூக்கு வெக்கறதுக்கு மொத நாளு நாந்தானப்பா வால்வு தேச்சு, கார்புரேட்டரு கழுவி, பிளக்கு மாத்திக் குடுத்தேன்! மறந்துபோட்டியா? காக்கா உக்கார பனம்பழம் விழுந்த கதையப்பா அது. வெறுந்தகரம் ஊதற சத்தத்தக் கேட்டு நீயா வேகமுன்னு நெனச்சுக்கிட்டே."

அமலதாஸ் நம்பவில்லை. நட்புக்காகச் சொல்கிறான் என்று நினைத்தான். லிங்கப்பனுக்கும் அது புரிந்தது. "நாஞ் சொன்னா நீ நம்பமாட்டே. நாளைக்குக் காலைல மலைக்கு வா" என்றான்.

அந்தக் காலத்து டிரைவர்கள் இஞ்சினின் சக்தியை அளக்க ஒரு வழி வைத்திருந்தார்கள். மலையடியில் ஒரே வேகத்தில் கிளம்பி, டாப் கியரை மாற்றாமல் ஏறவேண்டும். எந்த இடத்தில் இஞ்சின் திணறிச் செகண்டு கியரைக் கேட்கிறதோ அதுதான் வண்டியின் அளவு. சக்தி கூடியிருந்தால் அந்த இடம் மேலே தள்ளிப்போகும். இதில் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது.

விடிந்ததும் போனார்கள். முதலில் அமலதாஸ் மூக்கில்லாமல் ஏற்றினான். வண்டி திணறிய இடத்தில் லிங்கப்பன் குதித்து, சாலை ஓரத்தில் ஒரு கல்லை வைத்தான். இறங்கி வந்து, தகரத்தை மாட்டி, மறுபடியும் ஏற்றினான். இஞ்சின் உறுமியது, பழைய உறுமல். வண்டி அதே வளைவில், அதே புளியமரத்தருகே திணறியது. லிங்கப்பன் இரண்டாவது கல்லை வைத்தான். முதல் கல்லுக்கும் அதற்கும் இடையே ஒரு ஆள் காலை நீட்டி உட்காரலாம், அவ்வளவுதான். கழற்றி ஏற்றினான், மாட்டி ஏற்றினான், வெயில் வரும்வரை ஏற்றினான். கற்கள் அங்கேயே குவிந்தன. சில தடவை மூக்கில்லாத கல்தான் மேலே இருந்தது. பிறகு நஞ்சன்கூடு சாலையில் நேராகப் போகிற இடத்தில் மிதித்துப் பார்த்தான். மாட்டினாலும் கழற்றினாலும் வேகம் காட்டும் முள் ஏறி நின்றது ஒரே எண்ணில்தான். மாட்டியபோது ரேடியேட்டர் கூடுதலாகச் சூடானது, அது ஒன்றுதான் மிச்சம்.

"போதுமா சாமி?" என்றான் லிங்கப்பன். "உன்ற மேல ஒரு தப்புமில்ல. நிம்மதியாப் போ."

நிம்மதி வரும் என்றுதான் அமலதாசும் காத்திருந்தான். வண்டியை ஓரமாக நிறுத்திக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தான். வந்தது வேறு. இத்தனை நாள் அந்தத் தகரம் வேலை செய்திருக்கவேண்டும் என்றுதான் அவன் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறான். வேலை செய்திருந்தால் குற்றவாளி அவன். ஆனாலும் செலின் பிழைக்க ஒரு வழி இருந்தது. இப்போது குற்றமும் இல்லை, வழியும் இல்லை. அவன் மனசுக்குள் தினமும் ஓட்டிய வண்டி நின்றுபோயிற்று.

மோலி வீட்டுக்குப் போனான். அவள் டூட்டி முடிந்து வந்து, குழந்தையைத் தூங்கவைத்துவிட்டு அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"தகரம் ஒண்ணும் பண்ணல அக்கா. ஏத்திப் பாத்தாச்சு. மாட்டியிருந்தாலும் அதே நேரந்தான் ஆயிருக்கும்."

"நல்லதுதானே தம்பி."

"அப்ப அரை மணி முன்னாடி வர வேற வழியே இல்லையா? வேற வண்டி, நல்ல வண்டி ஏதாச்சும் கெடைச்சிருந்தா?"

மோலி களைந்த அரிசியை வைத்துவிட்டுத் திரும்பினாள். அவள் நர்ஸ், எத்தனையோ சாவைப் பார்த்தவள். இதைச் சொல்லத்தான் அவளுக்கு ஒரு வருஷம் வாய் வரவில்லை.

"வழி இல்ல தம்பி. ஆயா சொன்னது சும்மா. நீ கொண்டுவந்தப்ப நான்தான் அவளத் தொட்டேன். கை ஜில்லுனு இருந்துச்சு. பாதி வழி வர்றதுக்குள்ள, நரசிபுரத்துக்கு முன்னாடியே அவ போயிட்டா."

அமலதாஸ் நின்றுகொண்டே இருந்தான். நரசிபுரம் வந்தாச்சு செலின் என்று அவன்தானே சொன்னான்? மலை தெரியுது என்று சொன்னானே. குழந்தைக்கு உன் பேரையே வைக்கலாமா என்றுகூட வருணா ஏரிப் பக்கத்தில் கேட்டானே.

"அத்தை கேக்குறான்னு சொன்னாங்களே அக்கா."

"அம்மாவுக்குத் தெரியும். மடியிலதான போச்சு உசுரு. சொன்னா உனக்குக் கை நடுங்கும், வண்டிய எங்கயாச்சும் விட்டுருவே, பிள்ளைக்கு அப்பனும் இல்லாமப் போயிரும்னு வாயப் பொத்திக்கிட்டு வந்திருக்காங்க. நீ கேக்குறப்பல்லாம் கேக்குறா கேக்குறான்னு சொல்லிக்கிட்டு. இதுவரைக்கும் அழுதாங்களான்னு எனக்குத் தெரியல தம்பி. எங்கிட்ட அழல."

அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே உட்கார்ந்தான். பிறகு அழுதான். ஆண்பிள்ளை அழுகிற அழுகையா அது! தெருவில் போனவர்கள் நின்று பார்த்தார்கள். தூங்கிய குழந்தை விழித்துக்கொண்டு அதுவும் சேர்ந்து அழுதது. மோலி இருவரையும் தேற்றவில்லை; அழட்டும் என்று விட்டுவிட்டாள்.

ஓய்ந்ததும் முகத்தைக் கழுவிக்கொண்டு எழுந்தான். எங்கே போகிறாய் என்று கேட்டாள் மோலி.

"அத்தைகிட்ட" என்றான். "நான் அவங்களக் கல்நெஞ்சுக்காரின்னு நெனச்சுட்டேன் அக்கா. பிள்ளைக்கு ரெண்டு துணி எடுத்து வை, கூட்டிட்டுப் போறேன்."