பாலில் விட்ட எறும்பு

எறும்பு செத்துப்போயிற்று, ஆகவே என் பால் நஞ்சு. வழக்கும் அவ்வளவுதான், தீர்ப்பும் அவ்வளவுதான்.

மலைமேல் ஆற்றை மறித்து அணை கட்டிக்கொண்டிருந்த காலம் அது. என் வீட்டுக்காரர் அங்கே சுண்ணாம்பு வண்டி ஓட்டப் போயிருந்தார். எனக்குத் தாய் இல்லை. அதனால் தலைப்பிரசவம் மாமியார் வீட்டிலேயே நடந்தது. எங்கள் கம்பம் பக்கத்தில் முதல் பிள்ளைக்காரியின் பாலைச் சோதிக்காமல் கொடுக்க விடமாட்டார்கள். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிட்டு, அடுத்து ஊறும் பாலைச் சங்கில் பிடித்து, அதில் ஒரு பிள்ளையார் எறும்பை விடுவார்கள். கரையேறினால் நல்ல பால்.

என் எறும்பு கரையேறவில்லை.

"எறும்பையே கொல்லுதே, பச்சப்புள்ள தாங்குமா?" என்று மாமியார் குழந்தையை என் மடியிலிருந்து பிடுங்கிப் பக்கத்து வீட்டு மதினியிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். மதினிக்கும் கைப்பிள்ளை இருந்தது; அது இரண்டாவது என்பதால் அவள் பாலை யாரும் சோதிக்கவில்லை. மார் கல்லாகக் கட்டிக்கொண்டது. தானாகக் கசிந்து சேலை நனைந்தபோது, நஞ்சு நனைக்கிறது என்று என் உடம்பை நானே அருவருத்தேன்.

மறுநாள் காலை மதினி இரண்டு பிள்ளைகளையும் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"ஒங்க பால்லயும் ஒரு எறும்ப விட்டுப் பாப்பமா மதினி?" என்றேன். பொறாமைதான், மறைப்பானேன்?

அவள் சிரித்துக்கொண்டே சங்கில் பீய்ச்சினாள். எறும்பு கொஞ்சம் காலை உதைத்தது. பிறகு அசையவில்லை.

சோதனைதான் பொய் என்று இனிச் சொல்வார்கள் என்று நினைத்தேன். மதினியின் முகம் வெளுத்துப்போயிற்று. "ஆத்தாடி! அப்ப எம்பிள்ளைக்கு இத்தன நாளும் நஞ்சையா குடுத்தேன்?" என்று பிள்ளைகளைப் பாயில் கிடத்திவிட்டு மாராப்பை இறுக்கிச் சுற்றிக்கொண்டாள். மாமியாரோ, "ரெண்டு வீட்டுக்கும் கண்ணு பட்டுருச்சு" என்று கழுதைப்பால் தேடி ஓடினார். கொழுகொழுவென்று காலை உதைத்துக்கொண்டு கிடந்த மதினியின் பிள்ளையை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை!

"மதினி, எறும்பு கெடக்கட்டும். ஒங்க பிள்ள தொடையப் பாருங்க. நஞ்சு குடிச்ச பிள்ளையா இது?"

"அத்தை கண்ணு பட்டுருச்சுன்னு சொல்லிட்டுப் போறாகளே" என்றாள். பார்வை சங்கை விட்டு நகரவில்லை.

இரண்டு பிள்ளைகளும் வீறிட்டன. நான் என் பிள்ளையை எடுத்து மாரில் வைத்தேன். அவளுக்கு நியாயம் சொன்ன எனக்கே நம்பிக்கை இல்லை. பிள்ளை முட்டி முட்டித் தேடிப் பற்றிக்கொண்டது. வயிறு நிறைந்ததும் தூங்கிப்போயிற்று.

மதினி அருகில் வந்து அதன் மூக்கில் விரல் வைத்துப் பார்த்தாள். பிறகு நான் வைத்துப் பார்த்தேன். அவள் பிள்ளை அழுது ஓய்ந்து விரல் சூப்பிக்கொண்டிருந்தது. வயிறு நிறைந்து தூங்கும் குழந்தையை, பெற்ற நானே பிணமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெயில் முற்றத்தில் இறங்கியபோது அது கண் விழித்து, பாலுக்கு அழுதது.

"குடு புள்ள, பசிக்குதாம்ல!" என்று கத்திக்கொண்டே மதினி தன் பிள்ளையை வாரியெடுத்து, மாராப்பை அவிழ்த்தாள்.